ஜன்னலில் விழுந்த மஞ்சள்

சந்தேகப்படுவதுதான் நல்லசிவத்தின் உத்தியோகம். கப்பலில் ஏற்ற வைத்திருந்த சுக்கு மூட்டை நனைந்துவிட்டது, கயிற்றுக் கட்டு பூஞ்சை பிடித்துவிட்டது என்று வியாபாரி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப்போட்டால், அது நிஜம்தானா என்று பார்த்துச் சொல்கிற சர்வேயர் ஆபீஸ் ஒன்று மட்டாஞ்சேரி பஜாரில் இருந்தது. பலகையில் பெயர் இருந்த சர்வேயர் பெரும்பாலும் வில்லிங்டன் தீவில் யாராவது கப்பல் ஏஜெண்டோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மூட்டைக்குள் கையை விடுகிறவர் நல்லசிவம். ஓடு ஒழுகி விழுந்த மழைத்தண்ணீரா, குடத்தில் கொண்டுவந்து ஊற்றிய தண்ணீரா என்று சாக்கைத் தடவிப் பார்ப்பார். ஈர விரலை நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் காயல் தண்ணீர். ஓட்டு வழியாகக் காயல் எப்படி வந்தது என்று அமைதியாகக் கேட்பார். பக்கத்துக் கொச்சங்காடி வியாபாரிகள் அவரைக் கண்டால் சாயா வாங்கிக் கொடுப்பார்கள். அவர் குடிக்க மாட்டார்.

தென்காசிப் பக்கத்திலிருந்து அறுபதுகளின் தொடக்கத்தில் வந்தவர். சுள்ளிக்கல்லில் வாடகை வீடு. மீன் விற்கிறவளின் கூடையைக்கூட அடிவரை கிளறிப் பார்த்துத்தான் விடுவார். ஒருநாள் அவர் மனைவி பாக்கியலக்ஷ்மி பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டாள்: "வீட்டுக்கு வாரவங்களை எல்லாம் க்ளெய்ம் கேட்டு வந்தவன் மாதிரி பாக்காதிய. எனக்குத் தலை குனிவா இருக்கு."

அப்படிப்பட்ட மனுஷர் ஆயில் பெயிண்ட் பக்கம் போனது ஒரு தற்செயல். சேதமான மூட்டைகள் எப்படி அடுக்கியிருந்தன என்று ரிப்போர்ட்டுக்காக ஒரு படம் போட்டிருந்தார். அதை வர்கீஸ் மாஷ் பார்த்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். "எடோ, நிங்ஙள் வரைக்குன்ன ஆளாணல்லோ!" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெங்கிடாசலத்தின் படகுக் கடவுக்கு வரச் சொன்னார்.

வெங்கிடாசலம் பாலக்காட்டுக்காரர். அவருடைய குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கொச்சங்காடியில் சுக்கு வியாபாரம். காயலை ஒட்டி அவருடைய கிட்டங்கி. உள்ளூர்க்காரர்கள் அதைப் பாண்டிகசாலை என்பார்கள். நல்லசிவத்துக்குக் கடைசிவரை அது கிட்டங்கிதான். கீழே சரக்கு, மேலே வீடு. கிட்டங்கியின் பின்புறத்திலிருந்து தண்ணீருக்குள் நீளும் மரக் கடவில் வள்ளங்கள் வந்து சரக்கு ஏற்றும். ஞாயிற்றுக்கிழமை வள்ளம் வராது. அன்று அங்கே நாலு பேர் ஸ்டாண்டு போட்டு, கேன்வாஸ் வைத்து, சூரியன் இறங்கும்வரை வரைவார்கள். வெங்கிடாசலம், வர்கீஸ் மாஷ், ராமபத்ரன் என்கிற பேங்க் கிளார்க், இப்போது நல்லசிவம்.

கொச்சங்காடியில் நிறையப் பேருக்கு இந்த நாலு பேரும் என்ன செய்கிறார்கள் என்பதில் நம்பிக்கை இல்லை. எமர்ஜென்சி முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து படம் எழுதுகிறவர்கள் யாருக்காக எழுதுகிறார்கள் என்று சாயாக்கடையில் பேச்சு இருந்தது. அதைவிடப் பெரிய குழப்பம், அஸ்தமனம் வரைகிறோம் என்று சொல்கிறவர்கள் சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது. மட்டாஞ்சேரிக் காயல் கிழக்கே இருக்கிறது. சூரியன் ஓட்டுக் கூரைகளுக்குப் பின்னால் மேற்கே விழும். ஆனால் விழுகிற நேரத்தில் அந்தச் சிவப்பெல்லாம் எதிர்க்கரையில் நிற்கும் கப்பல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். மற்ற மூன்று பேருக்கும் அதுதான் வேண்டும். தண்ணீர், வள்ளம், கப்பல்.

நல்லசிவம் மட்டும் திரும்பி உட்கார்ந்தார். கடவின் நுனிக்குப் போய், காயலுக்கு முதுகைக் கொடுத்து, கிட்டங்கியைப் பார்த்து. கூரைக்குப் பின்னால் வெயில் எரிய, முன்னால் கறுத்துக்கொண்டு வரும் சுவர், உப்புக் காற்றில் உரிந்த சுண்ணாம்பு, மாடியில் ஒற்றை ஜன்னல். மூட்டையும் சுவரும் பார்த்தே பழகிய கண் அவருடையது. "கட்டடம் பொய் சொல்லாது மாஷே. தண்ணிதான் நிமிஷத்துக்கு நிமிஷம் நிறம் மாத்தும்" என்றார். வர்கீஸ் மாஷ் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

ஆயில் பெயிண்ட் ஒருநாளில் காயாது. ஒரே படத்தை வாராவாரம் அதே வெளிச்சத்துக்குக் காத்திருந்து போட வேண்டும். ஈரமான கேன்வாஸைப் பஸ்ஸில் கொண்டுபோகவும் முடியாது. அதனால் படங்களையும் பெயிண்ட் மிச்சமிருக்கிற பலகைத் தட்டுகளையும் கிட்டங்கியின் பின்னறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். சாவி கிட்டங்கியில் மூட்டை தூக்கும் அழகரிடம் இருக்கும்.

அந்த வருஷம் துலாம் மாசத்து மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் நல்லசிவம் ஒரு பெரிய கேன்வாஸ் தொடங்கினார். சுவர் வந்தது, கூரை வந்தது. மாடி ஜன்னலில் அடர்த்தியாகக் கறுப்பை அப்பினார். படத்துக்கு அந்த இடத்தில் ஒரு கனம் வேண்டியிருந்தது. நன்றாக அமைந்தது. மறு ஞாயிறு வந்து துணியை விலக்கினால், கறுப்பு ஜன்னலின் நடுவில் மஞ்சளாக ஒரு தீற்றல்.

தன் கைதான் பட்டிருக்கும் என்று முதலில் நினைத்தார். பிறகு முகர்ந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார். உள்ளே சிவப்பு கலந்த, பால் போன்ற மஞ்சள். அவரிடம் அந்த மஞ்சளே கிடையாது. கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி கறுப்பைப் பூசினார். யாரிடமும் சொல்லவில்லை. கிட்டங்கிகளில் அவர் கற்ற பாடம் அது. பார்த்தவுடன் சத்தம் போட்டால் ஆள் உஷாராகிவிடுவான்.

அடுத்த வாரம் மஞ்சள் திரும்பி வந்திருந்தது. இந்தத் தடவை தீற்றல் இல்லை. ஜன்னல் சட்டத்தின் உள்விளிம்பில் மெலிதாக ஓடி, கீழே அகலமாக விழுந்திருந்தது. வெயில் உள்ளே வந்து விழுந்த மாதிரி. பெயிண்ட் கொஞ்சம் தடித்து விரல் ரேகை தெரிந்தது.

அவர் ராமபத்ரனின் தட்டைப் பார்த்தார். நேப்பிள்ஸ் மஞ்சள் என்று ஒரு ட்யூப் ராமபத்ரனிடம் மட்டும்தான் இருந்தது. பம்பாயில் இருக்கும் மச்சினன் வாங்கி அனுப்புவது. அதில் கொஞ்சம் சிவப்பைக் கலந்து கப்பல்களின் மேல் படும் வெளிச்சத்துக்கு வைத்திருப்பான். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, வாய் ஓயாமல் சிரிப்புக் காட்டுகிறவன். அவன் எல்லார் படத்திலும் குறை சொல்லுவான், எல்லாரும் அதை ரசிப்பார்கள். ஒருநாள் நல்லசிவத்தின் படத்தைப் பார்த்து, "அண்ணா, இது வீடா, ஜெயிலா? ஒரு ஜன்னலாவது தெறந்து விடப்படாதோ?" என்று கேட்டிருந்தான். இப்போது அந்தப் பேச்சு அவர் காதில் வேறு மாதிரி ஒலித்தது.

"என்ன சார், உங்க மஞ்சள் எப்படி இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பார்த்தார்.

"அதை ஏன் கேக்கறேள்! கொறைஞ்சிண்டே வரது. எலி திங்கறதோ என்னமோ."

கேட்காமலே காரணம் சொல்கிறான் என்று மனதில் போட்டுக்கொண்டார் நல்லசிவம்.

பிறகு தன் தொழில் வித்தையைக் காட்டினார். பின்னறைக் கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே, தலைமுடிக் கனத்தில் ஒரு நூலைப் பசை தொட்டு ஒட்டிவிட்டுப் போனார். இடையில் ஒருநாள் சர்வே வேலை என்று சொல்லிக்கொண்டு வந்து பார்த்தார். நூல் அறுந்திருந்தது.

"இங்க யார் வந்தா?" என்று அழகரைக் கேட்டார். அழகர் மதுரைப் பக்கத்து ஆள்.

"பேங்க் சார்தான். மத்தியானம் மத்தியானம் வருவாரு. பின்னாடி காத்து நல்லா வரும்ல, உக்காந்து சோறு தின்னுட்டுப் போவாரு."

"வேற யாரும்?"

"வேற யாரு வரப் போறா? சாவி எங்கிட்டல்ல இருக்கு."

பின்னறையில் இன்னொரு கதவு இருந்தது. மாடிப்படிக்குப் போகிற கதவு. நல்லசிவம் அதையும் தள்ளிப் பார்த்தார். வீட்டுப் பக்கமிருந்து தாழ் போட்டிருந்தது. சரி, இந்த வழியாக யாரும் வர முடியாது என்று முடிவு கட்டினார். வீட்டுப் பக்கமிருந்து தாழ் போட்டால் வீட்டிலிருப்பவர் திறக்கலாமே என்று இத்தனை வருஷம் கிட்டங்கி பார்த்த மனுஷருக்கு ஏனோ தோன்றவில்லை. ஆளை ஏற்கெனவே பிடித்துவிட்ட மனசு அப்புறம் கதவுகளைத் தேடுவதில்லை.

அடுத்த ஞாயிறு துணியை விலக்கினார். மஞ்சள் வெளிச்சத்தின் நடுவே ஓர் உருவம். கறுப்பிலிருந்து சுரண்டி எடுத்த மாதிரி சின்னதாக. தோள், கழுத்து, பின்னால் எடுத்துக் கட்டிய கொண்டை. ஒரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. முகம் இல்லை. ஆனாலும் அது ஒரு பொம்பளை என்பதில் சந்தேகமில்லை. அந்த மாடியில் ஒரே ஒரு பொம்பளைதான் இருந்தாள். வெங்கிடாசலத்தின் மனைவி அனந்தலக்ஷ்மி. குழந்தை இல்லாத வீடு. காபி கொடுத்தனுப்புவாள், அவள் கீழே வந்து நல்லசிவம் பார்த்ததில்லை.

இது விளையாட்டு இல்லை என்று நினைத்தார். மத்தியானம் மத்தியானம் வருகிறான். கல்யாணமாகாதவன். ஈரப் படத்தில் அடுத்தவன் பெண்டாட்டியை எழுதி வைக்கிறான். எல்லாம் கணக்காக ஒன்றோடொன்று பொருந்தியது. நனைந்த மூட்டையில் உப்பு கண்டுபிடித்த அன்றைக்கு வருமே, அந்த நிறைவுகூட அவருக்கு வந்தது.

அன்று மற்றவர்கள் வருமுன் வெங்கிடாசலத்தைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். "சாமி, நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே பாருங்க."

வெங்கிடாசலம் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "யாராக்கும் இது?"

"ஆள் யாருன்னு உங்களுக்குத்தான் தெரியணும். மஞ்சள் யாரோடதுன்னு எனக்குத் தெரியும். மத்தியானத்துல இங்க யார் வந்து உக்காருறாங்கன்னு அழகரைக் கேளுங்க."

வெங்கிடாசலத்தின் காது மடல்கள் சிவந்தன. துணியை இழுத்துப் படத்தை மூடினார்.

சாயங்காலம் கடவில் ராமபத்ரன் வழக்கம்போல ஏதோ கதை சொல்லிக்கொண்டே ஸ்டாண்டைப் பிரித்தான். வெங்கிடாசலம் அவன் முன்னால் போய் நின்றார்.

"ராமபத்ரா, நாளைலேர்ந்து நீ இங்க வர வேண்டாம். மத்தியானமும் வேண்டாம், ஞாயித்துக்கிழமையும் வேண்டாம்."

ராமபத்ரன் சிரித்தான். வேடிக்கை என்றுதான் நினைத்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன தப்பு பண்ணினேன்?"

"எங்காத்து ஜன்னலைப் பத்தி உனக்கென்ன?"

"எந்த ஜன்னல்?"

"பிள்ளைவாள் படத்துல நீ போட்ட ஜன்னல்!"

ராமபத்ரன் நல்லசிவத்தைப் பார்த்தான். நல்லசிவம் தன் பிரஷ்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் உங்க படத்தைத் தொட்டேன்னு நீங்களா சொன்னேள்?"

"நான் என்னத்தச் சொல்ல? பார்த்ததச் சொன்னேன். மஞ்சள் உங்களோடது."

"அண்ணா," என்றான் ராமபத்ரன். குரல் தாழ்ந்திருந்தது. "நான் உங்க படத்தைக் கேலி பண்ணிருக்கேன். தொட்டதில்லை. ஒருத்தன் படத்துல இன்னொருத்தன் கை வைப்பானோ?"

"எந்தா இது? வெளிச்சம் போயிண்டிருக்கு, இப்பத்தான் வழக்கா?" என்று வர்கீஸ் மாஷ் இடையில் புகுந்தார். ராமபத்ரன் ட்யூப்களைப் பெட்டியில் போட்டு மூடி அங்கேயே வைத்தான். பாதி முடிந்த தன் கேன்வாஸை, ஈரம் மேலே படாமல் ஓரங்களில் பிடித்துத் தூக்கிக்கொண்டு கிட்டங்கி வழியாக வெளியே போனான். மறுநாள் அழகர் சொன்னான்: பஜார் ரோட்டில் எதிரே வந்த கைவண்டியின் மூட்டை உரசி, படம் முழுக்கச் சாக்கு நார் ஒட்டிக்கொண்டதாம். பேங்க் சார் அதை ஓடையோரத்தில் சாத்தி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாராம்.

அடுத்த ஞாயிறு நல்லசிவம் வந்தபோது, மாடி ஜன்னலுக்குக் குறுக்கே இரண்டு பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. பாக்கிங் பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த, பூச்சில்லாத பலகை. வெங்கிடாசலம் காயலைப் பார்த்து உட்கார்ந்து, ஒரே இடத்தில் நீலத்தைப் பூசிக்கொண்டிருந்தார். வர்கீஸ் மாஷ் அன்று வரவில்லை. நல்லசிவத்தின் கை ஓடவில்லை. அந்தப் பலகைகளை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். அதற்கு முன்னால் அந்த ஜன்னல் எப்படி இருந்தது என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. வாராவாரம் அதற்கு நேராக உட்கார்ந்தவர் அவர். முதல் நாள் கறுப்பு என்று முடிவு செய்தார். அதற்கப்புறம் நிமிர்ந்து பார்த்தாரா?

மனம் கேட்காமல் நடுவாரத்தில் ஒருநாள் மத்தியானம் கிட்டங்கிக்கு வந்தார். அழகரிடம் சாவி வாங்கிப் பின்னறையைத் திறந்து துணியை எடுத்தார். சுரண்டாமல் விட்டிருந்த அந்த உருவம் அப்படியே இருந்தது. அதன் மேல் குறுக்காக, ஈரம் காயாமல், மண்நிறத்தில் இரண்டு பலகைகள். ஆணித்தலைகள்கூட இருந்தன. ஒரு ஆணி கோணலாக அடிக்கப்பட்டிருந்தது. நல்லசிவம் கடவுக்கு ஓடிப்போய் மேலே பார்த்தார். நிஜமாகவே ஒரு ஆணி கோணல்.

ராமபத்ரன் இந்தப் பக்கம் காலே வைக்கவில்லை. மாடி ஜன்னலில் பலகை அடித்தது அவனுக்குத் தெரியவே தெரியாது.

நல்லசிவம் திரும்பி அறைக்குள் வந்தபோது மாடிப்படிக் கதவு திறந்திருந்தது. நடுவயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, வலதுகை ஆள்காட்டி விரலில் மண்நிறப் பெயிண்டோடு. அவரைப் பார்த்து அவள் பதறவில்லை. ஓடவும் இல்லை.

"நீங்கதான் சொன்னேளா?" என்று கேட்டாள் அனந்தலக்ஷ்மி.

நல்லசிவம் தலையாட்டினார்.

"அந்தப் பேங்க்கார மாமா மூஞ்சிகூட எனக்குச் சரியாத் தெரியாது. காயலைப் பாத்துண்டு உக்காந்திருப்பார். முதுகு மட்டும்தான் தெரியும். அவர் மேல பழி போட்டேளே!"

"மாமி, பின்னே நீங்க எதுக்கு..."

"எதுக்கா? எங்காத்துக்காரர் படத்தைப் பாருங்கோ." அவள் சுவரோரம் சாத்தியிருந்த வெங்கிடாசலத்தின் கேன்வாஸ்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். "காயல் இருக்கு, கப்பல் இருக்கு, அந்தண்டை வைப்பின் தீவுகூட இருக்கு. வீடு இல்லை. மாஷ் படத்துலயும் இல்லை. வீட்டைப் பாத்து உக்காந்தது நீங்க ஒருத்தர்தான். நான் நினைச்சேன், இவராவது பாக்கறாரேன்னு. மேற்கு ஜன்னலைத் தெறந்து வெச்சுட்டு இந்த ஜன்னல்ல வந்து நிப்பேன். வெயில் வீடு முழுக்க நெறைஞ்சு என் முதுகு வழியா வெளிய போகும். கை எல்லாம் மஞ்சளாயிடும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் அங்கதான் நின்னேன். நீங்க என் மூஞ்சிக்கு நேரே பாத்துண்டே கறுப்பைப் பூசினேள்."

நல்லசிவம் குனிந்து படத்திலிருந்த மஞ்சளைப் பார்த்தார்.

"கோபம்தான் மொதல்ல. ஒரு தீத்துத் தீத்தினேன். அப்புறம் தொட்டப்பறம் விட முடியலை," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "பேங்க்கார மாமா தட்டுல அந்த நெறம் தயாரா இருந்தது. எடுத்தேன். எடுத்தது தப்புதான்."

"நான் சாமிகிட்டச் சொல்லிடுதேன்," என்றார் நல்லசிவம். அவசரத்தில் தென்காசிப் பேச்சு வந்துவிட்டது.

"நீங்க சொன்னதெல்லாம் போறும். நானே சொல்லிக்கறேன். நீங்க கூட நின்னு, 'நான் சொன்னது தப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அது ஒங்க பங்கு."

கிட்டங்கியின் முன்பக்கம் தராசருகே நின்ற வெங்கிடாசலத்தை அழகரை விட்டு அழைத்துவரச் செய்தார்கள். மனைவி பின்னறையில் வேற்று ஆணோடு நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் இருண்டது. அவள் சொன்னாள். நல்லசிவமும் சொன்னார். வெங்கிடாசலம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரைக் காப்பாத்தறதுக்காக்கும் இந்தக் கதை?" என்று கேட்டார். "உனக்கு வரையத் தெரியும்னு எனக்கு அறியாதே. இத்தனை வருஷத்துல நீ ஒரு கோடு போட்டு நான் பாத்ததில்லையே?"

"நீங்க எப்பப் பாத்தேள்?"

அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. வெங்கிடாசலத்தின் கேன்வாஸ்களில் கடைசியாகப் போட்டதை எடுத்து ஜன்னலோரம் சாத்தினாள். நீலமும் சாம்பலுமாக ஒரே தண்ணீர். தட்டிலிருந்த கறுப்பைக் கொஞ்சம் மண்நிறத்தோடு குழைத்து, விரலாலேயே கீழ்ப்பகுதியில் இழுத்தாள். ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு, நடுவே துடைத்து ஒரு வெளிச்சம். தண்ணீருக்குள் ஒரு கூரையின் நிழல் தலைகீழாக நின்று ஆடியது. சாயங்கால நேரத்தில் அந்தக் கிட்டங்கியின் நிழல் காயலில் விழத்தான் செய்யும். வெங்கிடாசலம் இத்தனை படத்தில் அதை ஒருதரம்கூடப் போட்டதில்லை.

அவர் கேன்வாஸருகே குனிந்தார்.

"எங்க கத்துண்டே?"

"மேலேர்ந்து. நீங்க நாலு பேரும் கலக்கறதும், தொடைக்கறதும், சண்டை போடறதும் அங்கேர்ந்து பாத்தா நன்னாத் தெரியும்."

வெங்கிடாசலம் தராசுக்குப் போய்விட்டார். அன்றே பலகை கழன்றது, அன்றே எல்லாம் சரியானது என்று சொன்னால் அது நடந்ததல்ல. பலகைகள் மேலும் சில வாரம் இருந்தன. ஒருநாள் காலையில் அவரே ஏணி வைத்து ஏறிக் கழற்றினார் என்று அழகர் சொன்னான். கோணல் ஆணி மட்டும் வராமல் தலை உடைந்து சட்டத்திலேயே தங்கிவிட்டது.

நல்லசிவம் ராமபத்ரனைப் பார்க்க பேங்குக்குப் போனார். கவுண்டரில் கூட்டம் குறையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு இருவரும் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றார்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லி முடித்தார். ராமபத்ரன் முழுக்கக் கேட்டான். மாமி ஆணித்தலையைக்கூட வரைந்ததைச் சொன்னபோது அவன் முகத்தில் பழைய சிரிப்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"நன்னா வரைவாபோலிருக்கே," என்றான்.

"சார், நீங்க ஞாயித்துக்கிழமை வரணும். சாமியும் அதையேதான் சொன்னார்."

"அவர் வந்து சொன்னாரா?"

நல்லசிவத்துக்கு அந்தப் பொய்யைத் தொடர வரவில்லை. "நான் வாறேன்னு அவருக்குத் தெரியும்."

ராமபத்ரன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகினான், மறுபடி மூடினான். "அண்ணா, நீங்க தப்புன்னு சொன்னது பெரிய காரியம்தான். எனக்குக் கோபம் இல்லை. ஆனா இனிமே பக்கத்துல நாலு பேர் உக்காந்திருந்தா எனக்குக் கை வராது. இவர் என்ன நினைக்கறார், அவர் என்ன பாக்கறார்னே தோணும். ஒங்களுக்கு இருக்கற அந்த வியாதி எனக்கும் ஒட்டிண்டுடுத்து."

கொஞ்ச மாசத்தில் அவன் பாலக்காட்டுக் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். பியூனை அனுப்பித் தட்டையும் பெட்டியையும் மிச்சப் படங்களையும் எடுத்துக்கொண்டான். பெட்டியிலிருந்த மஞ்சள் ட்யூபை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அதை ஒரு காகிதத்தில் சுற்றி, மாடிக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தான். பிறகு அவன் வரைகிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. வர்கீஸ் மாஷ் எழுதிய கடுதாசிகளுக்கு மரியாதையான பதில் வரும். படத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

அனந்தலக்ஷ்மி கடவுக்கு இறங்கி வர இரண்டு வருஷம் ஆனது. அதுவரை மாடியிலேயே வரைந்தாள். டர்பன்டைன் வாடை அடுக்களைக்கு வருகிறது என்று வந்துபோகும் மாமியார் வழி உறவுகள் முணுமுணுத்தார்கள். எண்பத்தொன்றில் ஒரு மகர மாச ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து உட்கார்ந்தாள். சாயாக்கடையில் ஒரு மாசத்துக்கு அதுதான் பேச்சு. வெங்கிடாசலம் தடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் உட்காரும் இடம் மாறியது. மனைவிக்கும் நல்லசிவத்துக்கும் நடுவில்தான் அவருடைய ஸ்டாண்டு நிற்கும்.

நல்லசிவம் அதைக் கவனித்தார். அவர் கவனிக்காமல் இருப்பாரா? இந்த மனுஷர் ஏன் வாராவாரம் என் வீட்டு ஜன்னலையே பார்த்து உட்கார்ந்தார் என்று வெங்கிடாசலத்தின் மனதில் ஒரு மூலையில் ஓடுகிறது என்பது அவருக்குப் புரிந்தது. சூரியன் இறங்கும்போது மற்றவர்கள் கப்பலைப் பார்க்க, வெங்கிடாசலம் கண்ணோரத்தால் நல்லசிவத்தைப் பார்ப்பார். காபி வந்தால் முதலில் இவருடைய டம்ளரைத்தான் கவனிப்பார். அதெல்லாம் உடம்பில் முள் மாதிரிக் குத்தும். ஒருநாள் வீட்டுக்கு வந்து பாக்கியலக்ஷ்மியிடம் சொன்னார்.

"என்னத்துக்கு என்னைய இப்படிப் பாக்காரு? நான் என்ன செஞ்சேன்?"

பாக்கியலக்ஷ்மி மீனை அரிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "எத்தனை பேரு உங்களப் பாத்து இதையே கேட்டிருப்பாவ," என்றாள். அவ்வளவுதான். அவர் போய்க் கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

போகலாமா வேண்டாமா என்று அவர் பலதடவை நினைத்ததுண்டு. போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வெங்கிடாசலத்தின் சந்தேகம் நிஜமாகிவிடும் என்பது ஒரு காரணம். அனந்தலக்ஷ்மி படம் போடுவதைப் பார்ப்பது இன்னொன்று. எதையும் கறுப்பு என்று முடிவு செய்யாத கை அவளுக்கு. ஒரு நிழலுக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நல்லசிவம் ஆபீசில் ரிப்போர்ட் எழுதும்போது, "வேண்டுமென்றே நனைக்கப்பட்டது" என்ற வரியை எழுதி, பேனாவை வைத்துவிட்டு, இன்னொருதரம் கிட்டங்கிக்குப் போய்ப் பார்த்து வருகிற வழக்கம் அந்த வருஷங்களில் வந்தது. சர்வேயருக்கு அது பிடிக்கவில்லை. அதற்காக அவரை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை.

எண்பத்தாறில், மழைக்காலத்துக்கு முன், கடலுக்குள்ளேயே சூரியன் விழுவதை வரைய வேண்டும் என்று அனந்தலக்ஷ்மி பிடிவாதம் பிடித்தாள். எல்லாரும் போட்டில் ஏறி வைப்பினுக்குப் போனார்கள். மாஷுக்கு முழங்கால் வலி, ஆனாலும் வந்தார். வெங்கிடாசலம் குடையும் தண்ணீர்க் கூஜாவும் சுமந்துகொண்டு வந்தார். மீன்வலை காயும் மணலில் ஸ்டாண்டுகளை ஊன்றினார்கள். காற்று பலமாக அடித்து மணலை ஈரப் பெயிண்டில் வாரிப் போட்டது. மாஷ் அலுத்துப்போய்ப் பெட்டியை மூடினார். மீனவப் பெண்கள் சிலர் கூடி நின்று, மாமியின் தோளுக்கு மேலாகப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். அவளும் அவர்களோடு சிரித்தாள். வெங்கிடாசலம் குடையைக் காற்றுக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு ஆம்பிளையையும் உறுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சூரியன் தண்ணீரைத் தொட்டது. போட்டுக்காரன் துறையிலிருந்து கூவினான்.

"மாமி, போட்டு கிளம்புது," என்றார் நல்லசிவம்.

"கிளம்பட்டும். இந்தச் சிவப்பு இப்பத்தான் வந்திருக்கு."

"இதை விட்டா ரொம்ப நேரம் காக்கணும் அனந்தம்," என்றார் வெங்கிடாசலம்.

அவள் திரும்பவில்லை. வெங்கிடாசலம் நல்லசிவத்தைப் பார்த்தார். வழக்கமான அந்தப் பார்வைதான். பிறகு குடையை அவரிடம் நீட்டினார்.

"கொஞ்ச நேரம் பிடியுங்கோ பிள்ளைவாள். எனக்குக் கை கடுத்துப் போச்சு. நான் போய் அவன்கிட்ட நிக்கச் சொல்றேன்."

நல்லசிவம் குடையை வாங்கிக்கொண்டார். வெங்கிடாசலம் மணலில் கால் புதையப் புதைய, போட்டுக்காரனைக் கூவிக்கொண்டே துறையை நோக்கி நடந்தார்.